பசி வாங்கிய ஊர்

மேம்பாலத்துக்கு அடியில் கிடந்த பிள்ளைகளின் பசி எங்கள் ஊருக்குள் முதன்முதலாக வந்தது ஓர் ஆவணி மாதச் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு. வந்ததும் வந்தது, பிறந்ததிலிருந்து முட்டையைக்கூடத் தொட்டறியாத சங்கரவடிவு டீச்சரிடம் போய் வந்தது. பென்ஷன் வேலையாக வெளியே போய்விட்டுப் பாலத்தடி வழியாக வீட்டுக்கு நடந்துகொண்டிருந்த டீச்சர், ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சட்டென்று நின்று, குடையை மடக்கி, எனக்கு இப்போது பழைய சோறும் நெத்திலிக் கருவாடும் வேண்டும் என்று அங்கே நின்ற டிரைவர்களிடம் கேட்டார். அவர்களில் ஒருவர் டீச்சரிடம் மூன்றாம் வகுப்புப் படித்தவர் என்பதால் மறுபேச்சுப் பேசாமல் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தட்டு நிறையப் போட்டுக் கொடுத்தார். டீச்சர் மூன்று தட்டு சாப்பிட்டுக் கையைக் கழுவி, வீட்டுக்கு வந்து, நடந்ததைக் கணவரிடம் சொல்லிக் கொஞ்ச நேரம் அழுதார். அழுது முடித்ததும் அவருக்கு மறுபடி பசித்தது.

அடுத்த ஒரு வாரத்தில் பாலத்தடி வழியாகப் போய்வந்த இன்னும் ஏழெட்டுப் பேருக்கு இப்படி ஆயிற்று. எங்கள் ஊரில் எதையும் கண்டுபிடிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகாது. ஜங்ஷன் பக்கத்துப் பாலத்துக்கு அடியில் பதினோரு பிள்ளைகள் இருந்தார்கள். வந்து நிற்கிற ரயிலில் ஏறிக் காலி பாட்டில் பொறுக்குவதும், இறங்குகிறவர்களிடம் கையேந்துவதும், அடி வாங்குவதும், அடி வாங்கின இடத்தைத் தடவிக்கொண்டே பாலத்தடிக்குத் திரும்புவதுமாக இருந்த பிள்ளைகள். அவர்கள் டியூப் ஒட்டுகிற சொலூஷனைத் துணியில் நனைத்து மூக்கில் பொத்திக்கொண்டு கிடப்பார்கள் என்பது ஊருக்கே தெரியும், ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், பசி தெரியாது என்று. குளிர் தெரியாது, வலி தெரியாது, முக்கியமாகப் பசி தெரியாது. அப்படித் துரத்திய பசி எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும், இத்தனை வருஷம் எங்கே போய்க்கொண்டிருந்ததோ, அந்த ஆவணியிலிருந்து பக்கத்தில் நிற்கிற வெளியாள் வயிற்றுக்குப் போக ஆரம்பித்தது, அவ்வளவுதான். டீச்சருக்கு வந்தது மூர்த்தி என்ற பையனின் பசி, அவன் கடற்கரை ஊரிலிருந்து ஓடிவந்தவன், அதனால்தான் கருவாடு.

இப்படி ஒன்று நடந்தால் வேறு ஊர்க்காரர்கள் பயந்திருப்பார்கள். நாங்கள் பயப்படவில்லை, வெட்கப்படவும் இல்லை, உபயோகப்படுத்திக்கொண்டோம். முதலில் ஹோட்டல்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். அப்புறம் பசியே எடுக்காத கிழவர்களை மகன்கள் ஆட்டோவில் வைத்துக் கூட்டிவந்து, அப்பாவுக்குக் கொஞ்சம் பசி வாங்கிட்டுப் போகலாம் என்று பாலத்தடியில் அரை மணி நேரம் உட்கார்த்திவைத்தார்கள். சோற்றைக் கண்டால் வாயை மூடிக்கொள்கிற செல்லப் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாக்கள் வந்தார்கள். மாத்திரை சாப்பிட்டு நாக்குச் செத்தவர்கள் வந்தார்கள், காதலில் தோற்றுச் சாப்பாட்டை வெறுத்தவர்கள் வந்தார்கள், பக்கத்து ஊர்களிலிருந்து காலை பஸ்ஸில் வந்து மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டுச் சாயங்கால பஸ்ஸில் ஏப்பம் விட்டபடி போனவர்களும் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் வெறுங்கையோடு போகக் கூடாது என்கிற மரியாதை எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதனால் நோயாளியைப் பார்க்கப் போகிறபோது ஆரஞ்சு வாங்கிப் போகிறோமே, அந்த மாதிரி, பாலத்தடிக்குப் போகிறவர்கள் எதிரே இருந்த ஏசுவடியானின் பஞ்சர் கடையில் ஆளுக்கொரு சொலூஷன் டியூப் வாங்கிக்கொண்டு போனார்கள். ஏசுவடியான் ஆரம்பத்தில் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுத்தார், மூன்றாம் நாள் டியூபுகளை முன்னால் எடுத்து அடுக்கிவைத்தார்.

எனக்கும் ஒன்று வந்தது. பல வருஷமாகச் செத்துக்கிடந்த என் வயிறு உயிர்த்து, ஒரு புரட்டாசி மாதம் முழுக்க நான் அவித்த கிழங்கை மூன்று வேளையும் அப்படி ருசித்துத் தின்றேன். அது எந்தப் பிள்ளையின் பசி என்று நான் விசாரிக்கவில்லை. மாதக் கடைசியில் காய்ச்சலில் ஒரு நாள் முழுக்க ஒன்றும் தின்னாமல் கிடந்தேன், மறுநாள் எழுந்தபோது அது இல்லை. நல்லவேளையாக அது தானாகவே என்னை விட்டுப் போய்விட்டது என்று அப்போது நினைத்தேன், இப்போது அப்படி நினைப்பதில்லை.

இரக்கமே இல்லாதவர்கள் என்று எங்களைச் சொல்லிவிட முடியாது. பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று பேச்சு எழுந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்டா நிறையச் சாம்பார் சாதம் கிண்டிக் கொண்டுபோனோம். ஆனால் பிள்ளைகள் இலையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றிரண்டு பேர் எங்களுக்காக ஒரு வாய் போட்டு, போட்டதை அப்படியே கக்கினார்கள். பசியே இல்லாத வயிற்றுக்குள் சோறு இறங்கவில்லை. பாவம் அவர்களுக்குப் பசியே இல்லையே, நாம் என்ன செய்ய முடியும் என்று சொல்லிக்கொண்டு, கொண்டுபோன சாதத்தை நாங்களே சாப்பிட்டுவிட்டு வந்தோம், பாலத்தடியில் உட்கார்ந்தே சாப்பிட்டோம். பசி எங்களிடம்தானே இருந்தது.

ஐப்பசி பிறந்த வாரம் மூர்த்தி காலையில் எழுந்திருக்கவில்லை. எலும்பின் மேல் தோலைப் போர்த்தின மாதிரி கிடந்தான், முகத்தில் வலி எதுவும் இல்லை. சங்கரவடிவு டீச்சருக்கு அன்றோடு பசி நின்றுவிடும் என்று நினைத்தோம், நிற்கவில்லை. பையன் போன பிறகு அவன் பசிக்குத் திரும்பிப் போக இடமில்லாமல் டீச்சரிடமே தங்கிவிட்டது. கருவாட்டுக் கூடைக்காரி தெருவில் வந்தால் டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அழுவார், அழுதபடியே திறப்பார்.

மூர்த்தியைப் பார்த்துவிட்டுப் பயந்தவள் ஒரே ஒருத்திதான். மாரிக்கனி. அவளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும், ஏழு வயதுத் தம்பி இசக்கியோடு மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பாசஞ்சர் ரயிலில் வந்து இறங்கியவள். அம்மா அதே ரயிலில் போய்விட்டாள் என்று தம்பியிடம் சொல்லிவைத்திருந்தாள், எங்களிடம் எதுவும் சொன்னதில்லை. அவளும் ஒன்பது வயதிலிருந்து சொலூஷன் பிடித்தவள்தான், ஆனால் அவள் பசி மட்டும் யாரிடமும் தங்கியதில்லை. யார் வயிற்றில் போய் விழுந்தாலும் அவர்கள் தாங்க மாட்டாமல் தவித்துப்போவார்கள், சாயங்காலத்துக்குள் அது அவளிடமே ஓடிவந்துவிடும். தம்பிக்குக் கொடுத்தது போக மிச்சத்தைத் தின்று தின்று, காத்திருப்பதிலேயே வளர்ந்த பசி அது. அவள் பக்கத்தில் யாரும் உட்கார விரும்பவில்லை.

மூர்த்தியைத் தூக்கிக்கொண்டு போன அன்று மாரிக்கனி துணியைச் சாக்கடையில் எறிந்தாள், தம்பியின் கையிலிருந்ததையும் பிடுங்கி எறிந்தாள். மூன்று நாள் அவளுக்குக் கையும் காலும் நடுங்கின, தலையைத் தூணில் முட்டிக்கொண்டாள், வாந்தி எடுத்தாள், ஏசுவடியான் கடை வாசல் வரைக்கும் இரண்டு தடவை போய்த் திரும்பினாள். தம்பியை அவள் தன் இடுப்போடு தாவணித் துண்டால் கட்டிப்போட்டிருந்தாள், போகிற இடமெல்லாம் அவனும் கூடவே போனான், கூடவே திரும்பினான். நாலாம் நாள் நடுக்கம் நின்றது. இசக்கிக்கும் தெளிந்தது, கண் தெளிந்தது, பேச்சு தெளிந்தது, ஆனால் எட்டு நாள் ஆகியும் பசி மட்டும் வரவில்லை. சாப்பிடச் சொன்னால் எதுக்கு என்று கேட்டான். அவள் கெஞ்சி வாங்கிவந்த பிஸ்கட்டைப் பாலத்தடி நாய்க்குப் போட்டுவிட்டு, அது தின்பதை வேடிக்கை பார்த்தான். சொலூஷனை விட்டால் மட்டும் போதாது, போன பசி திரும்ப வேண்டும், அது எப்படித் திரும்பும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

தெரியவந்தது கண்டக்டர் பால்துரையால். அவருக்கு ரோஸ்லின் என்ற பாலத்தடிப் பெண்ணின் பசி வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த வாரம் அவருடைய பஸ் மலைப்பாதையில் காலை ஆறு மணிக்கு நின்றுபோய், சாயங்காலம் ஆறு மணி வரை வேறு வண்டி வராமல், கடை இல்லாமல், பிஸ்கட் இல்லாமல், ஒரு வாய் டீகூட இல்லாமல் பாறையில் உட்கார்ந்திருந்தார். சரியாக ஆறு மணிக்கு இங்கே பாலத்தடியில் ரோஸ்லின் பசிக்கு, பசிக்கு என்று ஊரே கேட்கும்படி அழுதாள். அந்த வார்த்தையை அங்கே யாரும் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. நாலு பரோட்டா தின்றாள். ஒரே மாதத்தில் கன்னத்தில் சதை வந்து, கன்னியாஸ்திரீகள் நடத்துகிற விடுதியில் சேர்ந்து, இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பசியை வாங்கியவர் ஒரு பகல் முழுக்க வயிற்றைக் காயப்போட்டால் அது வந்த வழியே போய்விடும் என்று இப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும் யாரும் காயப்போடவில்லை. ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்குப் பிரஷர், ஒருவருக்கு மகள் கல்யாணம்.

மாரிக்கனி தம்பியின் பசியைத் தேடி ஊருக்குள் வந்தாள். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாக, வீடு வீடாக, அடுக்களை வாசலில் நின்று கேட்டாள். உங்கள் வீட்டில் யாராவது வறுக்கி ரொட்டியை டீயில் முக்கித் தின்ன வேண்டும் என்று கேட்கிறார்களா, நனைந்த பாதியைத் தின்றுவிட்டு நனையாத பாதியை யாருக்கோ எடுத்துவைக்கிறார்களா. பிச்சை கேட்கிறவர்களை விரட்டத் தெரிந்த எங்கள் பெண்களுக்கு இப்படிக் கேட்கிறவளை எப்படி விரட்டுவது என்று தெரியவில்லை, இல்லை என்று நின்று பதில் சொன்னார்கள். இசக்கி எப்போதும் அப்படித்தான் தின்பான். பாதியை அக்காவுக்கு வைத்துவிடுவான், அவள் வரத் தாமதமானாலும் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

ஐந்தாம் நாள் அவள் அரிசி மண்டி ஆவுடையப்பன் முதலாளி வீட்டுக்கு வந்தாள். முதலாளிக்கு அறுபத்தாறு வயது. மனைவி இறந்த நாளிலிருந்து பதினோரு வருஷமாகச் சாப்பாடு என்றால் மருந்து மாதிரி விழுங்கிக்கொண்டிருந்தவர், ஆவணியிலிருந்து புது மனுஷராக ஆகியிருந்தார். மருமகள் சிவகாமி ஆசை ஆசையாகச் செய்து போட்டாள், மனுஷர் தோசைக்கல்லுக்குப் பக்கத்திலேயே நின்று வாங்கித் தின்றார், சிரித்தார், பேரப்பிள்ளைகளோடு விளையாடினார், கெட்டவர் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லாதவர். மாரிக்கனி முற்றத்தில் நின்றபோது அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார், பக்கத்துத் தட்டில் வறுக்கியின் நனையாத பாதிகள் ஆறு வரிசையாக இருந்தன. இதை ஏன் எடுத்துவைக்கிறேன் என்று எனக்கே தெரியலை என்று அவர் மருமகளிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். மாரிக்கனி அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள், அப்புறம் முற்றத்தில் உட்கார்ந்து, தம்பியை மடியில் கிடத்தினாள்.

"அய்யா, எந் தம்பி பசி உங்ககிட்டதான் இருக்கு," என்றாள். "அவன் எதையும் திங்க மாட்டேங்கான். ஒரே ஒரு நாள் பட்டினி கெடந்து அதத் திருப்பித் தந்துருங்க."

முதலாளி பையனைப் பார்த்தார், பார்த்த உடனே கண் கலங்கிவிட்டது. இருந்தாலும் பதினோரு வருஷம் கழித்துத் திரும்பிவந்த ருசி, அதை எப்படி எடுத்துக் கொடுப்பது. நாளைக்கு வா என்றார். மறுநாளும் நாளைக்கு வா என்றார். மூன்றாம் நாள் இசக்கியின் தலை அக்காவின் தோளில் நிற்காமல் சரிந்து சரிந்து விழுந்தது, அதைப் பார்த்துவிட்டு முதலாளி தன் நெஞ்சில் கைவைத்து, தந்துவிடுகிறேன் பிள்ளை, என் பிள்ளையாக நினைத்து இருக்கிறேன் என்றார். அவர் மனதார அதைச் சொன்னார்.

மனதாரச் செய்கிற காரியத்தை நாள் பார்க்காமல் செய்ய முடியுமா. ஜோசியரைக் கேட்டார்கள், நாளைக்கு அஷ்டமி, மறுநாள் நவமி, வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்றார். இரண்டு நாள் போயிற்று. அந்த இரண்டு நாளும் மாரிக்கனி இசக்கியின் உதட்டைத் தண்ணீரால் தொட்டுக்கொண்டு பாலத்தடியில் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை முதலாளி வீட்டில் கோயில் விசேஷம் மாதிரிக் கூட்டம். ஒரு பாலத்தடிப் பிள்ளைக்காக மண்டி முதலாளி பட்டினி இருக்கிறார் என்றால் சும்மாவா. விடியற்காலையில் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கு விரதம் ஒன்றும் புதிதில்லை, வருஷா வருஷம் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் இருக்கிறவர், சிவராத்திரி தப்பாதவர். பெண்கள் பாட்டுப் பாடினார்கள். எட்டு மணிக்குச் சிவகாமி வழக்கம்போல ஒரு டம்ளர் பால் கொண்டுவந்தாள், வாங்கிக் குடித்தார். பதினோரு மணிக்கு இரண்டு வாழைப்பழம். மத்தியானம் சோறு தொடவில்லை, இலையைப் பார்க்கவே இல்லை, பலகாரமாக மூன்று இட்லி மட்டும், அதுவும் சட்னி இல்லாமல். நாலு மணிக்கு இன்னொரு டம்ளர் பால். நானும் அந்தக் கூடத்தில்தான் இருந்தேன், பால் டம்ளரைச் சிவகாமியிடமிருந்து வாங்கி அவர் கையில் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

அந்நேரம் முழுக்க மாரிக்கனி பாலத்தடியில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஏசுவடியான் அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை, ஒரு டம்ளர் டீயும் இரண்டு வறுக்கியும் வாங்கிவந்து அவளுக்குப் பக்கத்தில் வைத்தார், டீ ஆற ஆறப் போய்ச் சூடாக வேறு வாங்கிவந்தார். பசிக்கா, இசக்கி, பசிக்கா என்று அவள் மணிக்கு ஒரு தரம் கேட்டாள், ஒவ்வொரு தரமும் அவன் யோசித்துப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையை அசைத்தான். ஆறு மணி ஆயிற்று. ஆறரை ஆயிற்று. கடைசியில் பையனைத் தூக்கிக்கொண்டு முதலாளி வீட்டுக்கு வந்தாள்.

கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. முதலாளி களைத்துப்போயிருந்தாலும் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது, என்ன பிள்ள, சாப்பிட்டானா என்று கேட்டார்.

"இல்ல அய்யா. நீங்க எதுவும் சாப்பிட்டீங்களா?"

"ஒண்ணுமே சாப்பிடலை பிள்ள. விரதம்லா. பாலும் பழமும்தான். மத்தியானம் மூணு இட்லி, அது பலகாரந்தானே."

மாரிக்கனிக்கு முதலில் புரியவில்லை. திரும்பிச் சிவகாமியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். யாரோ ஒருவர் சொல்லிவிட மாட்டார்களா என்று தேடினது போலப் பார்த்தாள். அப்புறம் யாரையும் குற்றம் சொல்லாத குரலில், அவளுக்குத் தெரிந்ததை எங்களுக்கும் சொல்லித்தருகிற குரலில் சொன்னாள்.

"நாங்க பட்டினி கெடந்தா தண்ணி மட்டுந்தான் அய்யா இருக்கும்."

கூடத்தில் நாற்பது பேர் இருந்தோம். பிறந்ததிலிருந்து விரதம் இருந்து பழகியவர்கள் நாங்கள் எல்லாரும். பாலும் பழமும் சாப்பாட்டுக் கணக்கில் சேராது, இட்லி சேராது, சோறு தின்றால்தான் சாப்பாடு என்று எங்கள் அம்மாக்கள் சொல்லிக்கொடுத்து வளர்ந்தவர்கள். கண்டக்டர் பால்துரைகூட அங்கே கதவோரம் நின்றிருந்தார், மலைப்பாதையில் ஒரு வாய் டீகூட இல்லாமல் கிடந்த அந்த மனுஷருக்கே காலையிலிருந்து அது தோன்றவில்லை. நாற்பது பேரில் ஒருவரும் ஏமாற்றவில்லை, ஒருவரும் பொய் சொல்லவில்லை, அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது. பொய் சொல்லியிருந்தால் யாராவது ஒருவர் உறுத்தல் தாங்காமல் உண்மையைச் சொல்லியிருப்பார்.

முதலாளி எழுந்து நின்றார். நாளைக்கு, பிள்ள, நாளைக்கு விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொட மாட்டேன், சத்தியம் என்றார். பையனை இங்கேயே படுக்கவை, எதற்குப் பாலத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறாய் என்றார். பாய் விரித்தார்கள், போர்வை கொடுத்தார்கள், மாரிக்கனி தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சனிக்கிழமை விடிந்ததிலிருந்து எச்சிலைக்கூட விழுங்காமல் உட்கார்ந்திருந்தார், வயிறு அவரை முறுக்கிப் பிழிந்தது, முகம் வேர்த்தது, அவர் அசையவில்லை. ஆனால் பசி திரும்புவதற்கு ஒரு முழுப் பகல் வேண்டும், இசக்கியிடம் அரைப் பகல்தான் இருந்தது. பத்தே முக்காலுக்கு அவன் அக்காவின் விரலைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. வலி எதுவும் இல்லை, பசி எதுவும் இல்லை, மூர்த்தியைப் போலவே போனான்.

ஊர்ச் செலவில் நல்லபடியாக அடக்கம் செய்தோம். மாலைகள் போட்டோம், வெட்டியான் கேட்டதற்கு மேலேயே கொடுத்தோம். மாரிக்கனி அழவில்லை, குழியைப் பார்த்துக்கொண்டு நின்றாள், எல்லாரும் திரும்பும்போது அவளும் திரும்பினாள்.

முதலாளி மட்டும் விரதத்தை முடிக்கவில்லை. சாயங்காலம் ஆறு மணி தாண்டியும் சாப்பிட மாட்டேன் என்றார், ஞாயிற்றுக்கிழமையும் மாட்டேன் என்றார், திங்கட்கிழமை எழுந்து உட்காரக்கூட முடியாமல் கட்டிலில் கிடந்தார், தண்ணீர் டம்ளரைக் கொண்டுபோனால் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பிள்ளையோடு போய்விடுகிறேன் என்று ஒரே வார்த்தை. பசி அவரை விட்டுப் போகவில்லை, போவதற்கு ஆள் இல்லையே, வயிற்றுக்குள் அது முனகுவது கூடத்தில் நின்றவர்களுக்கே கேட்டது. பார்த்துவிட்டுப் போக ஊரே வந்தது. இப்படியும் ஒரு மனுஷரா என்று காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள், பூ வைத்தார்கள், பக்கத்தில் உட்கார்ந்து விசிறினார்கள். மனசுக்குள் எல்லாருக்கும் ஒரு நிம்மதி இருந்தது, எங்களுக்கும் சேர்த்து அவர் ஒருவரே தண்டனையை அனுபவிக்கிறார் என்கிற நிம்மதி.

திங்கட்கிழமை மத்தியானம் மாரிக்கனி வந்தாள். சபிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து வழிவிட்டோம், அவள் கட்டில் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் அவர் வயிற்றைப் பார்த்தாள்.

"எந்திரிங்க அய்யா. சாப்பிடுங்க."

முதலாளி கண்ணைத் திறந்தார், உதடு வெடித்திருந்தது. "நான் எப்படி பிள்ள சாப்பிடுவேன்," என்றார். "உந் தம்பியக் கொன்னுட்டு எனக்குச் சாப்பாடு ஒரு கேடா."

"நீங்களா பட்டினி கெடக்கீங்க?" என்றாள் மாரிக்கனி. "அவன்லா கெடக்கான். மூணு நாளா உள்ள கெடந்து அழுவுதான், வெளிய தெருவரைக்கும் கேக்கு. உசுரோட இருந்தப்ப அவன் பசின்னு அழுதா நா எங்கயாச்சும் போயி வாங்கிட்டு வந்துருவேன். இப்ப நீங்கதான குடுக்கணும்."

சிவகாமி உள்ளே ஓடிப்போய் இலை போட்டு, சோறு போட்டு, குழம்பு ஊற்றிக் கொண்டுவந்தாள். இரண்டு பேர் பிடித்து முதலாளியை உட்காரவைத்தார்கள். அழுதுகொண்டே பிசைந்தார், அழுதுகொண்டே முதல் வாயை எடுத்துவைத்தார், அந்த முனகல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. மாரிக்கனி எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இலையிலிருந்து கைக்கும் கையிலிருந்து வாய்க்கும் ஒவ்வொரு கவளமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் மென்றால் அவள் தொண்டையும் அசைந்தது. பாதியில் அவர் போதும் என்று இலையை மறித்தார்.

"அவனுக்குப் போதாது," என்று சொல்லிவிட்டு, சிவகாமியிடம் இன்னொரு கரண்டி வைக்கச் சொன்னாள் மாரிக்கனி.

அவர் வைத்ததையெல்லாம் சாப்பிட்டார். கூடம் நிறைய ஆட்கள் நின்றோம், கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றோம். நீ சாப்பிட்டாயா என்று அவளை அன்றைக்கும் எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.